இளைஞர்கள் நிறைந்த நாடு தானாகவே முன்னேறிவிடுமா? பங்களாதேஷ் காட்டும் கணக்கு

"நம்மிடம் இளைஞர்கள் அதிகம், ஆகவே எதிர்காலம் நம்முடையது." இந்த வாக்கியத்தைக் கேட்காத மேடை இல்லை. இந்தியாவில் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற வேறுபாடு இல்லாமல் இதைச் சொல்கிறார்கள். பாகிஸ்தானிலும் எகிப்திலும் நைஜீரியாவிலும் அந்தந்த நாட்டுத் தலைவர்கள் சொல்கிறார்கள். முஸ்லிம்கள் அதிகம் வாழும் நாடுகள் பலவற்றில் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் முப்பது வயதைத் தொடாதவர்கள் என்பதால், நம் சமுதாயப் பத்திரிகைகளிலும் இது பெருமைக்குரிய செய்தியாக அவ்வப்போது வருகிறது.

ஆனால் இளைஞர் எண்ணிக்கை மட்டுமே ஒரு நாட்டை உயர்த்தும் என்றால், ஆப்பிரிக்காவின் நைஜர் இன்று எங்கோ இருந்திருக்க வேண்டும். அங்கே மக்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பதினைந்து, பதினாறு வயதைத் தாண்டாதவர்கள். உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்றும் அதுதான். அப்படியானால் இளமை எப்போது செல்வமாகிறது, எப்போது சுமையாகிறது? இதைப் பொதுவாகப் பேசினால் பிடிபடாது. ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு பார்ப்பது நல்லது. நாம் பங்களாதேஷை எடுத்துக்கொள்கிறோம். இந்தக் கணக்கில் பாதியை மிக நன்றாகப் போட்டு, மறுபாதியில் தடுமாறி நின்ற நாடு அது.

வீட்டுக் கணக்கும் நாட்டுக் கணக்கும்

பொருளாதார அறிஞர்கள் 'மக்கள்தொகை ஈவு' என்று ஒன்றைச் சொல்வார்கள். பெயர்தான் பெரிது, விஷயம் நம் வீடுகளில் நாம் பார்ப்பதுதான்.

ஒரு வீட்டில் வாப்பா ஒருவர்தான் சம்பாதிக்கிறார். ஆறு பிள்ளைகள், வயதான வாப்பும்மா, உம்மா என்று அவர் கையைப் பார்த்திருப்பவர்கள் எட்டுப் பேர். வருவது வாய்க்கும் வயிற்றுக்குமே சரியாகப் போகும். பதினைந்து ஆண்டு கழித்து அதே வீட்டைப் பாருங்கள். பிள்ளைகளில் நான்கு பேர் தலையெடுத்துச் சம்பாதிக்கிறார்கள். அவர்களுக்கு ஆளுக்கு இரண்டு பிள்ளைகள்தான். இப்போது அந்த வீட்டில் மிச்சம் விழும். ஓட்டு வீடு மாடி வீடாகும். ஒருவர் கடை போடுவார். கடைசித் தங்கை கல்லூரிக்குப் போவாள். இன்னும் முப்பது ஆண்டு போனால் அந்த நான்கு பேரும் முதுமையடைந்து, மருந்துச் செலவோடு தம் பிள்ளைகளின் கையைப் பார்த்திருப்பார்கள். நடுவில் வரும் அந்த முப்பது, நாற்பது ஆண்டுதான் வாய்ப்புக் காலம். ஒரு குடும்பத்துக்கு அது ஒரு தலைமுறையில் ஒருமுறை வரும். ஒரு நாட்டுக்கு அநேகமாக ஒரேயொரு முறைதான் வரும்.

இங்கே கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பிள்ளைகள் வளர்வது தானாக நடக்கும். அவர்கள் சம்பாதிப்பது தானாக நடக்காது. நான்கு பிள்ளைகளும் படித்து முடித்துவிட்டு வேலையில்லாமல் திண்ணையில் இருந்தால் அந்த வீட்டின் நிலை முன்பைவிட மோசம். சின்னப் பிள்ளைக்குக் கஞ்சி கொடுத்துப் படுக்கவைக்கலாம். இருபத்தைந்து வயதுப் பிள்ளைக்குக் கஞ்சி போதாது. அவனுக்கு வேலை வேண்டும், நிக்காஹ் நடக்க வேண்டும், நாலு பேர் நடுவே தலைநிமிர்ந்து நிற்க வேண்டும்.

தென் கொரியா, தைவான், சிங்கப்பூர் போன்ற கிழக்காசிய நாடுகள் 1965 முதல் 1990 வரை கண்ட வேகமான வளர்ச்சியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்த வயதுக் கணக்கால் வந்தது என்று ஹார்வர்டு பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர்கள் கணித்தார்கள். மீதி மூன்றில் இரண்டு பங்கு எங்கிருந்து வந்தது? பள்ளிக்கூடம், தொழிற்சாலை, ஏற்றுமதி, சேமிப்பு ஆகியவற்றிலிருந்து. வயதுக் கணக்கு வாசலைத் திறக்கும். உள்ளே நுழைவது நாட்டின் பொறுப்பு. கொரியா நுழைந்தது. இன்று உலகிலேயே குழந்தைப் பிறப்பு மிகக் குறைவான நாடுகளில் அதுவும் ஒன்று. 2023இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.72 குழந்தை. அந்நாடு முதுமையடைகிறது என்றாலும் கையில் பணத்தோடு முதுமையடைகிறது. ஏழையாக இருக்கும்போதே முதுமை வந்துவிடுமோ என்பதுதான் மற்ற நாடுகளின் கவலை.

1971இல் இருந்த நிலை

பங்களாதேஷ் பிறந்தபோது அதன்மேல் நம்பிக்கை வைத்தவர்கள் மிகக் குறைவு. 1970 நவம்பரில் வந்த போலா புயல் லட்சக்கணக்கானோரைக் கொண்டுபோனது. அடுத்த ஆண்டு போர். 1974இல் பஞ்சம். என்றைக்கும் கையேந்தியே நிற்கப்போகும் நாடு என்று அமெரிக்க அதிகார வட்டத்தில் பேசிக்கொண்டார்கள். ஏறக்குறைய ஏழு கோடிப் பேர். அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் பதினைந்து வயதுக்குக் கீழ். ஒரு பெண்ணுக்குச் சராசரி ஆறு முதல் ஏழு குழந்தைகள். பிறந்த ஆயிரம் குழந்தைகளில் இருநூறுக்கும் மேல் ஐந்து வயதுக்குள் மவ்த்தாகிவிடும்.

மேடைப் பேச்சின் கணக்குப்படி பார்த்தால் 1971இன் பங்களாதேஷ்தான் 'இளமை நிறைந்த நாடு'. உண்மையில் அது எட்டுப் பேருக்கு ஒருவர் சம்பாதிக்கும் வீடாக இருந்தது.

இன்னொரு கணக்கையும் இதனருகே வைத்துப் பார்க்கலாம். பிரிவதற்கு முன் கிழக்குப் பாகிஸ்தானில்தான் மக்கள் அதிகம். 1961 கணக்கெடுப்பில் கிழக்கே ஐந்து கோடிக்கும் சற்று மேல். மேற்கே நான்கேகால் கோடியை ஒட்டி. இன்று பாகிஸ்தானில் 24 கோடிக்கும் அதிகம் (2023 கணக்கெடுப்பு). பங்களாதேஷில் 17 கோடியை ஒட்டி (2022 கணக்கெடுப்பு). ஒரே நாடாக இருந்து பிரிந்தவை, இரண்டிலும் முஸ்லிம்களே பெரும்பான்மை. ஆனால் பங்களாதேஷில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் 2011லேயே 2.3 ஆகிவிட்டது. பாகிஸ்தானில் 2017-18 ஆய்வில்கூட 3.6. குடும்பத் திட்டமிடல் பற்றிய மார்க்கச் சட்டம் என்ன என்பது இங்கே நம் பேச்சில்லை. அதில் விவரம் வேண்டுவோர் தம் ஊர் ஆலிம்களிடம் தனியே கேட்டுக்கொள்ளட்டும். பங்களாதேஷில் அது எப்படி நடந்தது என்பதை மட்டும் பார்ப்போம். ஏனென்றால் பலரும் நினைப்பதுபோல் அது மாத்திரை கொடுத்ததால் மட்டும் நடக்கவில்லை.

ஒரு பிடி வெல்லமும் மூவிரல் உப்பும்

பிள்ளைகள் பிழைக்கத் தொடங்கியதில்தான் கதை ஆரம்பமாகிறது. அங்கே குழந்தைகளை அதிகம் கொண்டுபோன நோய்களில் ஒன்று வயிற்றுப்போக்கு. டாக்காவில் இருந்த காலரா ஆராய்ச்சி நிலையத்தில் 1968இல் ஒரு முக்கியமான விஷயம் உறுதியானது: உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தாலே நோயாளிகளில் மிகப் பலரைக் காப்பாற்றலாம். ஆனால் பொட்டலம் எட்டாத கிராமங்களில் இருக்கும் தாய்க்கு இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

ஃபஸ்லே ஹஸன் ஆபித் 1972இல் தொடங்கிய பிராக் என்ற தொண்டு நிறுவனம் இந்த வேலையைக் கையில் எடுத்தது. ஒரு பிடி வெல்லம், மூன்று விரலால் எடுத்த உப்பு, அரை சேர் தண்ணீர். இவ்வளவுதான் மருந்து. 1980 முதல் பத்தாண்டு காலம் பெண் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், தாய்மார்களை எதிரே உட்காரவைத்துக் கலக்கிக் காட்டி, அவர்களையும் கலக்கச் சொல்லி, ஒரு கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

இதில் நம்மைக் கவர்வது சம்பள ஏற்பாடு. எத்தனை வீடு போனார் என்று பார்த்துப் பணியாளருக்குக் கூலி கொடுக்கவில்லை. சில வாரங்கள் கழித்து வேறொருவர் அந்த வீடுகளில் சிலவற்றுக்குப் போய்த் தாயிடம் கேட்பார். அந்தத் தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ அதைப் பொறுத்துக் கற்றுக்கொடுத்தவருக்குக் கூலி. மாணவனுக்கு விளங்கியதை வைத்து உஸ்தாதுக்குச் சம்பளம் என்று வைத்தால் நம் மதரஸாக்களிலும் பள்ளிக்கூடங்களிலும் நம்மில் எத்தனை பேர் தேறுவோம் என்று தெரியவில்லை!

தடுப்பூசியும் இந்த வெல்லத் தண்ணீரும் இன்னும் பலவும் சேர்ந்து, ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் 2022 ஆய்வின்படி ஆயிரத்துக்கு 31 ஆகக் குறைந்தார்கள். பிறந்த பிள்ளை தங்கும் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் குடும்பங்கள் சிறுத்தன. அரசின் பெண் சுகாதாரப் பணியாளர்களும் வாசலுக்கே வந்து போனார்கள். பாதிப்பேர் இறந்துவிடுவார்களோ என்ற பயம் உள்ள வீட்டில் 'இரண்டு போதும்' என்று சொல்லிப் பயனில்லை.

இரண்டாவது படி பெண் கல்வி. 1994இல் கிராமப்புறம் முழுவதும் பெண்பிள்ளைகளின் உயர்நிலைப் படிப்புக்கு உதவித்தொகை வந்தது. நிபந்தனை மூன்று: நூற்றுக்கு 75 நாள் வருகை, தேர்வில் 45 சதவீத மதிப்பெண், பத்தாம் வகுப்புத் தேர்வு முடியும்வரை நிக்காஹ் கூடாது. தொகை சிறியதுதான், ஆனால் அது பெண்பிள்ளையின் பெயரிலேயே வந்தது. அரசுப் பாடத்திட்டத்தை ஏற்ற ஆலியா மதரஸாக்களும் பெண்பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டன. உயர்நிலை வகுப்புகளில் இன்று அங்கே ஏறக்குறைய பாதிப்பேர் மாணவிகள். மார்க்கமும் பெண் கல்வியும் மோதியே தீரும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைப் பார்க்க வேண்டும். அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. 2019இல் எடுத்த ஆய்விலும், இருபது முதல் இருபத்துநான்கு வயதுப் பெண்களில் பாதிப்பேருக்குப் பதினெட்டு வயதுக்கு முன்பே மணமாகியிருந்தது.

தையல் இயந்திரத்தின் வருகை

படித்த, படிக்காத இளம் கைகள் சேர்ந்துவிட்டன. வேலை எங்கிருந்து வந்தது?

1974இல் பணக்கார நாடுகள் ஆயத்த ஆடை இறக்குமதிக்கு நாட்டுக்கு நாடு அளவு விதித்தன. கொரியா தன் அளவுக்கு மேல் விற்க முடியவில்லை. அளவுக் கட்டுப்பாடு இல்லாத நாடு ஒன்று அதற்குத் தேவைப்பட்டது. பங்களாதேஷில் நூருல் காதிர் என்ற முன்னாள் அதிகாரி தொடங்கிய தேஷ் கார்மெண்ட்ஸ் நிறுவனம், கொரியாவின் தேவூ நிறுவனத்தோடு 1978இல் ஒப்பந்தம் செய்துகொண்டது. சுமார் 130 பேர் பூசான் நகரத்துக்குப் போய் ஆறு மாதம் பயிற்சி பெற்றுத் திரும்பினார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்த நிறுவனத்திலேயே தங்கிவிடவில்லை. வெளியேறித் தாமே ஆலை வைத்தார்கள், அல்லது பிறர் ஆலைகளை நடத்திக்கொடுத்தார்கள். ஒரு நாட்டின் ஏற்றுமதித் தொழில் இந்த 130 பேரின் கைத்தொழிலிலிருந்து கிளை விட்டது என்றால் மிகையில்லை. முதல் போட்டவருக்கு நஷ்டம், நாட்டுக்கு லாபம்.

இன்று சுமார் 40 லட்சம் பேர் அந்தத் தொழிலில் இருக்கிறார்கள். நாட்டின் ஏற்றுமதியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஆடைகள்தான். ஆண்டுக்கு 3,500 கோடி டாலரைத் தாண்டுகிறது. திருப்பூரில் பனியன் தொழிலில் இருப்பவர்களைக் கேட்டால், ஆர்டர் கைமாறும்போதெல்லாம் முதலில் காதில் விழும் பெயர் பங்களாதேஷ்தான் என்பார்கள். கிராமத்திலிருந்து வந்த பெண்பிள்ளைகள் முதன்முறையாகத் தம் பெயரில் சம்பளம் வாங்கினார்கள். ஆலைகள் இருக்கும் பகுதிகளில் பெண்பிள்ளைகள் கூடுதல் ஆண்டுகள் படிப்பதும், திருமணம் தள்ளிப்போவதும் ஆய்வுகளில் தெரிந்தது. அளவு பார்க்கவும் கணக்கு எழுதவும் தெரிந்தால் சம்பளம் கூடும் என்று தெரிந்ததும் பெற்றோரே பள்ளிக்கு அனுப்பினார்கள்.

சேமிப்பும் வளர்ந்தது. 2020இல் சர்வதேச நாணய நிதியம், டாலர் கணக்கில் பங்களாதேஷின் தனிநபர் வருமானம் அந்த ஆண்டு இந்தியாவைத் தாண்டும் என்று மதிப்பிட்டபோது நம் நாட்டுப் பத்திரிகைகளில் எழுந்த பரபரப்பு பலருக்கு நினைவிருக்கும்.

ஆனால் இந்த வேலையின் விலை என்ன? 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு அருகே சாவரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்திருந்தது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ஆடை ஆலைத் தொழிலாளர்களை மறுநாள் உள்ளே போகச் சொன்னார்கள். மாதச் சம்பளம் கைக்கு வராமல் போய்விடும் என்ற பயத்தில் அவர்களும் போனார்கள். வேலைக்கு ஆள் நிறையக் கிடைக்கும் நாட்டில் ஓர் உயிரின் மதிப்பு எவ்வளவு இறங்கும் என்பதற்கு அந்தக் காலைப்பொழுது சாட்சி. அதற்குப் பிறகு கட்டடப் பாதுகாப்பில் பெரிய திருத்தங்கள் வந்தன. கூலி மட்டும் மெதுவாகத்தான் ஏறுகிறது. 2023 டிசம்பர் முதல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 12,500 டாக்கா.

பட்டம் வாங்கியவர்கள் நின்ற இடம்

இதுவரை சொன்னது சரியாகப் போட்ட பாதிக் கணக்கு. அடுத்த பாதியில்தான் சிக்கல்.

தையல் ஆலையில் உழைத்த தாய், தன் பிள்ளை தையல் ஆலைக்குப் போகக் கூடாது என்றுதான் படிக்கவைத்தாள். எந்தத் தாயும் அப்படித்தான். பிள்ளைகள் கல்லூரிக்குப் போனார்கள். லட்சக்கணக்கில் பட்டம் வாங்கினார்கள். ஆனால் நாட்டின் தொழில் தையல் ஆலையிலேயே நின்றுவிட்டது. மின்னணுப் பொருள், இயந்திரம், மருந்து, மென்பொருள் என்று அடுத்த படிக்கு ஏறியது மிகக் கொஞ்சம். 2022 தொழிலாளர் கணக்கெடுப்பில் மொத்த வேலையின்மை 3.5 சதவீதத்தை ஒட்டி இருந்தது. பட்டம் பெற்றவர்களிடையே மட்டும் அது 12 சதவீதம். அதாவது அதிகம் படித்தவர்களுக்கே வேலையின்மை அதிகம்.

வேடிக்கை என்னவென்றால், அதே நாட்டின் ஆடை ஆலைகளில் மேலாளர், தரக்கட்டுப்பாடு, ஏற்றுமதி ஆர்டர் பார்ப்பவர் போன்ற நடுத்தரப் பொறுப்புகளுக்கு இந்தியர்களையும் இலங்கையரையும் வரவழைத்து அமர்த்துகிறார்கள். ஆலைக்கு வேண்டிய திறமை வேறு, கல்லூரி கொடுத்த பட்டம் வேறு. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை. மதரஸாக் கல்வியிலும் இதே நிலைதான். 2018இல் அந்நாட்டு நாடாளுமன்றம் கவ்மி மதரஸாக்களின் தவ்ரா ஹதீஸ் பட்டத்தை முதுகலைப் பட்டத்துக்குச் சமமாக அறிவித்தது. ஆலிம்கள் நெடுநாள் கேட்டுப் பெற்ற மரியாதை அது, நாமும் வரவேற்கிறோம். ஆனால் சான்றிதழ் சமமானதால் வேலை சமமாக வந்துவிடாது என்பதை அந்த மாணவர்களே அறிவார்கள்.

எஞ்சியது அரசு வேலை. நிரந்தரம், ஓய்வூதியம், ஊரில் மரியாதை, பெண் கேட்டுப் போனால் தயங்காமல் கொடுப்பார்கள். நம் பக்கத்திலும் நிலைமை பெரிதாக வேறில்லை. மூவாயிரத்து சொச்சம் உயர்பதவிகளுக்கு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். அந்தப் பதவிகளிலும் 56 சதவீதம் பல்வேறு ஒதுக்கீடுகளுக்குப் போனது. அதில் 30 சதவீதம் விடுதலைப் போராட்ட வீரர்களின் பிள்ளைகளுக்கும் பேரப் பிள்ளைகளுக்கும். 2018இல் மாணவர்கள் போராடியதால் ஒதுக்கீடு நீக்கப்பட்டது. 2024 ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் அதை மீண்டும் கொண்டுவந்தது.

அதன் பிறகு நடந்ததை உலகமே பார்த்தது. ஜூலை மாதம் பல்கலைக்கழகங்கள் கொதித்தெழுந்தன. 16ஆம் தேதி ரங்பூரில் அபூ ஸயீத் என்ற மாணவர் இரு கைகளையும் விரித்து நின்றபடியே காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்ட காட்சி நாடெங்கும் பரவியது. 21ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 93 சதவீத இடங்கள் தகுதி அடிப்படையில்தான் என்று தீர்ப்பளித்தது. அதற்குள் நேரம் கடந்துவிட்டது. ஆகஸ்ட் 5 அன்று பிரதமர் ஷேக் ஹசீனா நாட்டைவிட்டு வெளியேறினார். அந்தச் சில வாரங்களில் 1,400 பேர்வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் பின்னர் மதிப்பிட்டது. இறந்தவர்களில் சிறுவர்களும் உண்டு. (இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.)

இதை அரசியல் எழுச்சி என்கிறார்கள், அது உண்மைதான். பதினைந்து ஆண்டு அடக்குமுறையும் தேர்தல் முறைகேடுகளும் அதன் பின்னால் இருந்தன. ஆனால் தீப்பொறி விழுந்த இடம் வேலைவாய்ப்பு. பொருளாதார வளர்ச்சி ஆண்டுக்கு ஆறு, ஏழு சதவீதம் என்று அரசு பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்த அதே காலத்தில், மூவாயிரம் நாற்காலிகளுக்காக ஒரு தலைமுறை உயிரைப் பணயம் வைத்தது. வளர்ச்சி இருந்தது, படித்தவர்களுக்கு அதில் இடமில்லை. மக்கள்தொகை ஈவு என்பது கையில் வராமல் போனால் வெறுமனே இழப்பாக நிற்காது, கடனாக வந்து நிற்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அண்மைக் காலத்தில் இல்லை.

கடல் கடந்த இளமை

வேலை தேடிய மற்றவர்கள் எங்கே போனார்கள்? நம் வீட்டுப் பிள்ளைகள் போன அதே இடங்களுக்குத்தான். சவூதி, அமீரகம், ஓமன், கத்தர், மலேசியா. வளைகுடாவில் வேலை பார்த்த நம்மவர்களில், பக்கத்துக் கட்டிலில் ஒரு பெங்காலியைப் பார்க்காதவர் இருக்க முடியாது. 2024-25 நிதியாண்டில் மட்டும் அவர்கள் தாய்நாட்டுக்கு அனுப்பிய தொகை சுமார் 3,000 கோடி டாலர். ஆடை ஏற்றுமதிக்கு அடுத்தபடியாக அந்த நாட்டைத் தாங்கி நிற்கும் தூண் அதுதான்.

இது நல்லதா, கெட்டதா? இரண்டும் என்றே நாம் கருதுகிறோம். அந்தப் பணத்தில் வீடு எழும்பியது, தங்கைகள் படித்தார்கள், நாட்டுக்கு அந்நியச் செலாவணி கிடைத்தது. ஆனால் ஒரு மனிதனின் மிகத் திடமான இருபது ஆண்டுகள் இன்னொரு நாட்டின் கட்டடங்களில் கரைந்து போகின்றன. திரும்பி வரும்போது சர்க்கரை நோயும் மூட்டு வலியும் கூடவே வருகின்றன. பலர் கைத்தொழில் ஏதும் கற்காமல், ஏஜென்டுக்குக் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்; முதல் ஓரிரண்டு ஆண்டுச் சம்பளம் அந்தக் கடனுக்கே சரியாகிறது. மின்வேலை, குளிர்சாதனம், செவிலியர் பணி என்று ஒன்றைக் கற்றுச் சான்றிதழோடு போகிறவருக்கும் வெறுங்கையோடு போகிறவருக்கும் சம்பளத்தில் உள்ள வேறுபாடு வளைகுடாவில் இருந்த எவருக்கும் தெரியும். பிள்ளையை அனுப்பும் முன் ஏஜென்டுக்குக் கொடுக்கும் தொகையில் ஒரு பகுதியைக்கூடப் பயிற்சிக்குச் செலவிடாத குடும்பங்கள் நம் பக்கத்திலும் ஏராளம்.

எஞ்சியிருக்கும் நாட்கள்

பங்களாதேஷில் இன்று நூற்றுக்கு 65 பேர் உழைக்கும் வயதில் இருக்கிறார்கள். அதாவது வாசல் இன்னும் திறந்தே இருக்கிறது. இன்னும் இருபது ஆண்டு, மிஞ்சினால் அதற்குச் சற்று மேல். ஆனால் முதல் தலைமுறைக்குக் கிடைத்த வசதிகள் அடுத்ததற்குக் கிடைக்குமா என்பது கேள்வி. மிகவும் பின்தங்கிய நாடு என்பதால் ஐரோப்பாவில் வரியின்றி ஆடை விற்கும் சலுகை அதற்கு இருந்தது. அந்தப் பட்டியலிலிருந்து வெளியேற 2026 நவம்பர் மாதம் நாள் குறிக்கப்பட்டது. முன்னேறியதற்குக் கிடைக்கும் பரிசு, சலுகையை இழப்பது! ஆலைகளில் புதிய இயந்திரங்களும் வந்துவிட்டன. ஸ்வெட்டர் பின்னும் ஆலைகளில் பல கைகள் செய்த வேலையை ஒரு கணினி இயந்திரம் செய்கிறது. அதனால் முதலில் வெளியேறுவது பெண்கள். ஆடைத் தொழிலில் பெரும்பான்மையாக இருந்த அவர்களின் பங்கு ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறது.

தமிழ்நாட்டில் நமக்கு இந்த வாசல் அவர்களைவிட முன்பே மூடத் தொடங்கிவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைகள், பீகாரில் 3. திருப்பூர் ஆலைகளிலும் சென்னைக் கட்டடங்களிலும் வட மாநில இளைஞர்கள் நிறைந்திருப்பது இந்தக் கணக்கின் விளைவுதான். நம் மஹல்லாக்களில் ஜும்ஆவுக்கு வரும் வரிசையைப் பார்த்தாலே தெரியும். நாற்காலி போட்டுத் தொழும் பெரியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறார்கள். இளைஞர்கள் பலர் துபாயிலோ பெங்களூரிலோ இருக்கிறார்கள். ஜமாஅத்துகளின் உதவி நிதியில் இதுவரை கல்வியும் திருமணமும் முதலிடம் பெற்றன. முதியோர் மருத்துவம் அந்த வரிசையில் முன்னேறி வருகிறது.

பங்களாதேஷும் இதை உணராமலில்லை. 2023 ஆகஸ்டில் அந்நாடு எல்லோருக்குமான ஓய்வூதியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. தனியார் ஊழியருக்கு ஒன்று, சிறுதொழில் செய்வோருக்கு ஒன்று, ஏழைகளுக்கு ஒன்று, வெளிநாட்டில் உழைப்போருக்கென்றே 'பிரவாஸ்' என்று ஒன்று. மாதாமாதம் கட்டி வந்தால் அறுபது வயதுக்குப் பின் தொகை கிடைக்கும். எதிர்பார்த்த அளவுக்கு ஆட்கள் சேரவில்லை. அரசின்மேல் நம்பிக்கையின்மை ஒரு காரணம். மற்றொன்று, ரியாதிலோ மஸ்கட்டிலோ இருக்கும் முப்பது வயதுக்காரர் ஊருக்குப் பணம் அனுப்பியது போக எஞ்சியதில்தான் அந்தத் தவணையைக் கட்ட வேண்டும்.